வலிக்காத ஆஸ்பத்திரி

ஆவாரங்குறிச்சி ஆரம்ப சுகாதார நிலையத்தைத் திறந்துவைக்க வந்த பெரிய மனிதர், வாசலில் கட்டியிருந்த ரிப்பனோடு சேர்த்துத் தன் விரல் நுனியையும் நறுக்கிக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்டக் குத்துவிளக்கேற்றி, ரத்தம் சொட்டச் சொட்டப் பேசி, அதே கையால் எல்லாருக்கும் கைகொடுத்து, சிரித்த முகமாகக் காம்பவுண்டு கேட்டைத் தாண்டிக் காரில் ஏறப் போகும்போதுதான் "ஐயோ அம்மா" என்று அலறினார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீனி வியாதிக்காரராக இருக்கும், அவர்களுக்கு எல்லாமே தாமதமாகத்தான் தெரியும் என்று பேசிக்கொண்டு, கொடுத்த மிக்சர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பிறகு சொத்தைப் பல் பிடுங்கப் போனவர் பிடுங்கிய பல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வந்ததே வந்தோம், பக்கத்துப் பல்லையும் எடுத்துவிடுங்கள் என்றார். தடுப்பூசிக்குத் தூக்கிப் போன கைக்குழந்தைகள் ஊசி ஏறுவதை வேடிக்கை பார்த்தன. பிரசவத்துக்குப் படுத்த பெண்கள் மல்லாந்தபடியே நர்ஸம்மாவிடம் டிவி சீரியல் கதை கேட்டுக்கொண்டு, கேட்டு முடிப்பதற்குள் பெற்று முடித்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் வலிக்கவில்லை. வலி மட்டும் இல்லை, வேறெதுவுமே இல்லை. பிள்ளை பெற்றவளும், பெறுவதற்குக் காரணமானவனும், கொண்டுவந்து காட்டிய குழந்தையைக் கூரியரில் வந்த பார்சலைப் பார்ப்பதுபோலப் பார்த்து "சரி" என்றார்கள். செத்தவரைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் அடுத்து எந்த பஸ், யாருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நிதானமாகப் பேசினார்கள். எல்லாம் கேட்டுக்கு வெளியே காத்திருந்தது. உடம்பைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியதும் அதுவரை பேசாமல் வந்தவர்கள் ஓவென்று ரோட்டில் விழுந்தார்கள். குழந்தையோடு கேட்டைத் தாண்டிய தகப்பன் துள்ளிக் குதித்தான், தையல் போட்டிருந்த தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதபடியே சிரித்தாள்.

ஆகவே நாங்கள் அதற்கேற்றபடி மாறிக்கொண்டோம், அதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. உள்ளே போகிறவர்களோடு ஒருவர் போனால், கேட்டுக்கு வெளியே ஒருவர் நிற்பது என்று ஆயிற்று. வெளியே நிற்பவருக்கு "பிடிக்கிற ஆள்" என்று பெயர். வெளியே வருகிறவரின் கால் மடங்கும்போது கக்கத்தில் கைகொடுத்துப் பிடிக்க வேண்டியது அவர் பொறுப்பு. கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த மீரான் அழுகிறவர்களுக்கென்று ஒரு பெஞ்சும், துள்ளிக் குதிப்பவர்கள் கால் வழுக்காமலிருக்க ஒரு லோடு மணலும் போட்டார். வைத்தியத்துக்கு மட்டும்தான் அங்கே போகவேண்டும் என்று என்ன இருக்கிறது? பரீட்சை முடிவை அங்கே உட்கார்ந்து பார்த்தார்கள். பொருந்தாத ஜாதகத்தைத் தரகர்கள் அங்கே கூப்பிட்டு வைத்துச் சொன்னார்கள். மாமியாரோடு சண்டை போட்ட மருமகளும், மருமகளோடு சண்டை போட்ட அதே மாமியாரும் மத்தியானம் வராண்டாவில் ஒருவருக்கொருவர் முதுகு காட்டிப் படுத்துத் தூங்கினார்கள். கல்லால் கட்டிய கட்டடம், உள்ளே போனால் மனுஷன் மரம் என்று மீரான் சொல்லிச் சிரிப்பார். அவரும் கடன்காரர்கள் வரும் நேரம் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறவர்தான்.

காரணத்தைத் தேடி யாரும் அலையவில்லை, அதுவாகத் தெரிந்துபோனது. அதே காம்பவுண்டுக்குள் பின்னால் இருக்கிற கழிப்பறையில் மட்டும் எல்லாம் வழக்கம்போல வலித்தது. கல்லடைப்புக்காரர்கள் அதற்குள் போய்க் கத்துகிற கத்தலில் மேலே உட்கார்ந்திருக்கும் காக்கா பறக்கும். கழிப்பறையைக் கட்டியது வேறு மேஸ்திரி, செங்கல் வாங்கியது வேறு சூளை, சூளைக்காரருக்குப் பணத்தை அன்றைக்கே கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் செங்கல் கொடுத்த வெயிலாட்சிக்கு மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. பணம் கொடுத்த கல் வலிக்கிறது, கொடுக்காத கல் வலிக்கவில்லை என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை.

வெயிலாட்சி ஆற்றங்கரையில் சூளை வைத்திருந்தாள். கட்டையான, வேகமாக நடக்கிற, கோபம் வந்தால் தெருவே கேட்கிற மாதிரிப் பேசுகிற பெண். புருஷன் வேலாண்டி சூளையில் தீ பார்ப்பான், அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசி முடித்துவிடுவாள் என்பதால் அவனுக்குப் பேசுகிற பழக்கமே குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன கல்லுக்கு வரவேண்டிய பணத்தில்தான் அந்த வருஷத்து விறகு வாங்க வேண்டும். அறுத்துக் காயவைத்த பச்சைக்கல் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. விறகு வந்து, தீ வைத்து, கல் வெந்துவிட்டால் அவள் பிழைத்தாள். அதற்குள் ஐப்பசி மழை இறங்கினால் அத்தனையும் கரைந்து ஆற்றோடு போகும், குத்தகை நிலத்தைப் பிளாட் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இது அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், காண்ட்ராக்டர் தனுஷ்கோடிக்கும் தெரியும்.

தனுஷ்கோடி முதல் நிலை ஒப்பந்தக்காரர். சட்டைப்பையில் லைசென்ஸ் அட்டை எட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு நடப்பார். மற்றபடி கெட்டவர் என்று சொல்ல முடியாது, கோயில் கொடைக்குக் கேட்காமலே கொடுப்பவர், கூலியாட்களுக்குச் சனிக்கிழமை தவறாமல் கொடுப்பவர். யார் பணம் கேட்டாலும் "பில் பாஸ் ஆகட்டும்" என்பார், பாஸ் ஆனதும் தலையைச் சொறிந்துகொண்டே கொடுத்துவிடுவார். இந்த பில்லும் பாஸ் ஆனது. அவர் செய்த ஒரே தப்பு, பணத்தை வாங்கிக்கொண்டு வெயிலாட்சி வீட்டுக்குப் போகிற வழியில், தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதாமே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. நுழைந்தவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது, ஆனால் கொடுக்காவிட்டால் என்ன என்பதும் கூடவே வந்தது. பெண்டாட்டி இரண்டு வருஷமாகப் பேசாதது உறுத்தவில்லை. அண்ணன் பங்கை எழுதி வாங்கியது உறுத்தவில்லை. அவ்வளவு லேசாக அவர் இருந்ததே இல்லை. பராமரிப்புக்கு நான்தானே பொறுப்பு என்று சொல்லிப் பின்னறையில் ஒரு கட்டிலைப் போட்டு, பணப்பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அங்கேயே இருந்துவிட்டார். அதன் பிறகு வெகுநாள் அவர் கேட்டைத் தாண்டி வந்து நாங்கள் பார்க்கவில்லை.

வெயிலாட்சி முதல் தடவை அவரைத் தேடிப் போனபோது ஊரே கடையை விட்டு இறங்கி வந்து பின்னால் நின்றது, ஏனென்றால் அவள் ஆற்றங்கரையிலிருந்தே திட்டிக்கொண்டு வந்தாள். திட்டியபடியே கேட்டைத் தாண்டினாள். தாண்டியதும், பாதி வசவில், ரேடியோ நின்றதுபோல நின்றது. உள்ளே போய், "தம்பி, பணம்" என்றாள். "தரணும்க்கா" என்றார் தனுஷ்கோடி. "எப்ப?" "தெரியலக்கா." "சரி" என்று அவளும் திரும்பி வந்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே வந்த அந்த நொடியே கோபம் மறுபடி வந்து, "எம் பணத்த மெத்தையாப் போட்டுப் படுத்துருக்கானே, சரின்னுட்டா வந்தேன், என் வாய்ல புண்ணு வர" என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொண்டாள். திரும்ப உள்ளே ஓடினாள். மறுபடி சரி என்றுவிட்டு வந்தாள்.

வாரந்தோறும் போனாள். போகப் போக ஒன்று நடந்தது. அடுத்த தடவை கோபம் கேட்டில் வந்து சேரவில்லை, மீரான் கடையில் டீயைப் பாதி குடிக்கும்போது வந்து சேர்ந்தது. அதற்கடுத்த தடவை பஸ் ஸ்டாண்டில் வந்தது, பிறகு ரைஸ்மில் முக்கில் வந்தது, பிறகு ஆற்றுப் பாலத்தில், அப்புறம் ஆற்றங்கரையில் அவள் வீட்டுப் படலைத் திறக்கும்போது. பின்னால் ஓடி வரும் நாய்க்குட்டிபோல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிக்கொண்டே போனது. வேலாண்டி சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பான்.

"ஏளா, வந்துட்டுதா?" என்பான்.

"இன்னும் வரல. நீங்க சாப்புடுங்க."

அவள் சாப்பிட்டு, ஏனத்தைக் கழுவிக் கவிழ்த்து, பாயை விரிக்கும்போது வந்து சேரும். அப்போது அவள் திட்டுகிற திட்டைக் கேட்டு வேலாண்டி நிம்மதியாகப் புரண்டு படுப்பான். வராத அன்றைக்கு அவனுக்குத்தான் தூக்கம் வராது.

மேகம் கூட ஆரம்பித்ததும் அவள் பொறியாளர் அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டாள். அது தெரிந்ததும்தான் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். காண்ட்ராக்டரைக் கண்டித்து, அவர் பணத்தைக் கொடுத்து, கல்லெல்லாம் பணம் கொடுத்த கல்லாகிவிட்டால் எங்கள் கதி என்ன? பங்குனியில் பிரசவம் வைத்திருந்தவர்களும், மூட்டுவலிக்காரர்களும், பரீட்சை எழுதப் போகிறவர்களைப் பெற்றவர்களும் கூடிப் பேசி, கவுன்சிலர் செண்பகத்தை முன்னால் விட்டுக்கொண்டு சூளைக்குப் போனோம். செண்பகத்தின் மகளுக்கு அதுதான் பேறுகால மாதம்.

"மதினி, ஒங்களுக்குப் பணம்தான வேணும்" என்றாள் செண்பகம். "ஊரு சேந்து தாரோம். அவன் கையால மட்டும் வாங்காதீய. அவன் குடுத்தா அது கல்லுக்குன்னு ஆயிரும். நாங்க குடுத்தா அது சும்மா, ஒரு ஒத்தாசைக்கு."

வெயிலாட்சி பச்சைக்கல்லின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எட்டாத இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப சேத்துத் தாங்க. மனுவ வாபஸ் வாங்கிக்கிடுதேன். நாளைக்கே வெறகு எறக்கிருவேன்" என்றாள்.

"தீபாவளி கழியட்டும் மதினி" என்றாள் செண்பகம்.

வெயிலாட்சி சிரித்தாள். இதே வார்த்தையை முன்பு கேட்டிருந்தால் செங்கல்லை எடுத்து எறிந்திருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும், எறியாதது எங்களுக்கு வசதியாக இருந்தது, வந்த வழியே திரும்பிவிட்டோம்.

விசாரணைக்கு வந்தவர் செயற்பொறியாளர் ஹெப்சிபா. கண்டிப்பானவர், கை சுத்தம், ஏமாற்றுகிற ஒப்பந்தக்காரர்களை அழவைத்து அனுப்புகிறவர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொன்னார்கள். ஜீப்பில் வரும்போதே கோப்பைப் படித்துக் கொதித்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் அவர்கள் அலுவலகத்து வழக்கம், எந்த வேலையின் மேல் புகாரோ அந்த வேலை நடந்த இடத்திலேயே விசாரிப்பது. பள்ளிக்கூடத்துத் திண்ணையிலோ, பஞ்சாயத்து ஆபீசிலோ, ஏன், மீரான் கடையிலோ வைத்து விசாரித்திருக்கலாம். வழக்கத்தை மாற்றச் சொல்லி அவரிடம் சொல்வதற்கு எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவரும் வெயிலாட்சியும் மற்றவர்களும் வரிசையாகக் கேட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். எங்களில் சிலர் உள்ளே ஜன்னலோரம் நின்றோம், சிலர் வெளியே பிடிக்கிற ஆளாக நின்றோம்.

புறநோயாளிகள் பகுதியில் மேசை போட்டிருந்தது. பக்கத்து அறையில் செண்பகத்தின் மகள் பிரசவத்துக்குப் படுத்திருந்தாள், கதவு திறந்தே கிடந்தது. ஹெப்சிபா கோப்பைத் திறந்து, வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த கேள்விகளை, ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பதுபோலக் கேட்டார்.

"இந்தம்மாகிட்ட செங்கல் வாங்கினீங்களா?"

"வாங்கினேன்மா" என்றார் தனுஷ்கோடி.

"பில் பாஸ் ஆயிடுச்சா?"

"ஆயிட்டும்மா."

"பணம் கொடுத்தீங்களா?"

"குடுக்கல."

"ஏன்?"

அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். "குடுக்கணும்னு தோணல" என்றார்.

ஹெப்சிபா அதை எழுதிக்கொண்டார். வெயிலாட்சியும் அது நியாயமான பதில் என்பதுபோலத் தலையாட்டினாள்.

"உங்க மேல குற்றம் ருசுவாயிடுச்சு. ஆறு மாசம் டெண்டர் எடுக்கத் தடை போடலாம்."

"போடுங்கம்மா."

"லைசென்ஸையே ரத்து பண்ணலாம்."

அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கருப்புப் பட்டியல்ல சேத்தா இந்த மாநிலத்துல எங்கயும் ஒரு சின்னப் பாலம், ஒரு வாய்க்கா மதகுகூடக் கட்ட முடியாது."

"சேத்துக்கிடுங்க."

ஹெப்சிபா பேனாவைக் கீழே வைத்தார். "தண்டனைன்னா வேண்டாம்னு சொல்லணும்" என்றார், கோபமில்லாமல், ஒரு விவரம் சொல்வதுபோல. தனுஷ்கோடி "சரிம்மா, வேண்டாம்" என்றார். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு வெயிலாட்சியைப் பார்த்துச் சொன்னார்: "இவர் லைசென்ஸை ரத்து பண்ணினா கணக்கெல்லாம் முடக்கிருவோம், உங்க பணம் கோர்ட்டுக்குப் போயி எப்ப வரும்னு சொல்ல முடியாது. ரத்து பண்ணலேன்னா, அவருக்குத் தோணும்போது கொடுப்பார். தோணாமலும் போகலாம். உங்களுக்கு எது வேணும்?"

வெளியே மழை இறங்கியது. தூறி, நின்று, யோசித்து வருகிற மழை இல்லை, எடுத்த எடுப்பிலேயே வானம் முழுக்க அவிழ்ந்து கொட்டுகிற ஐப்பசி மழை. வெயிலாட்சி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். ஆற்றங்கரையில் தார்ப்பாய் எட்டாத ஓரத்திலிருந்து பச்சைக்கல் இந்நேரம் கரைய ஆரம்பித்திருக்கும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. நர்ஸம்மா வந்து ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

"எனக்கு எது வேணும்னு இங்க வச்சுத் தெரியாதும்மா" என்றாள் வெயிலாட்சி. "வெளிய போயிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். கேட்டுக்கு வெளியே இருந்த நாங்கள் இரண்டு பக்கமும் ஆயத்தமாக நின்றோம், இன்றைக்கு வருகிற கோபத்தை ஒருவர் பிடித்தால் தாங்காது என்று நாலு பேர் நின்றோம். அவள் கேட்டைத் தாண்டினாள். மழைக்குள் நின்றாள். அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் பார்ப்பதுபோல ரோட்டின் அந்தக் கோடியைப் பார்த்தாள். மீரான் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து டீயைக் கையில் கொடுத்தார். கொதிக்கக் கொதிக்க இருந்ததை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்போது ஆற்றுப் பாலத்துப் பக்கமிருந்து வேலாண்டி ஓடி வந்தான். இடுப்புவரை செம்மண், கையில் ஒரு பிடி சேறு. பேசிப் பழக்கமில்லாதவன், அவள் முன்னால் வந்து நின்று அந்தச் சேற்றை நீட்டிக்கொண்டு, "போச்சுளா, எல்லாம் போச்சு, ஒரு கல்லு மிஞ்சல" என்று குழந்தைபோல அழுதான். அவள் அவன் கையைப் பிடித்து மழையில் நீட்டி, சேற்றைக் கழுவிவிட்டாள்.

"ஏளா, வந்துட்டுதா?" என்று அவன் கெஞ்சினான். "ரெண்டு ஏச்சு ஏசுளா. என்னயாவது ஏசு."

"வரலங்க" என்றாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இனிமே வராதுபோல இருக்கு" என்றாள்.

சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. செண்பகத்தின் மகள் "அம்மா, வலிக்கே" என்று அலறினாள். அந்தக் கட்டடத்துக்குள்ளிருந்து நாங்கள் கேட்ட முதல் அலறல் அது. அடுத்து மூட்டுவலிக்காரர்கள் கத்தினார்கள், வராண்டாவில் தூங்கிய மாமியாரும் மருமகளும் எழுந்து ஒருவர் மயிரை ஒருவர் பிடித்தார்கள், ஊசி போட்ட பிள்ளைகள் வீறிட்டன. வெயிலாட்சி பணத்துக்குக் காத்திருப்பதை விட்டாள், கல்லும் பிடியை விட்டுவிட்டது என்று மீரான் பின்னாளில் சொல்வார். வேறு விதமாகச் சொன்னவர்களும் உண்டு. எப்படியோ, ஹெப்சிபா மேசையை அடித்து எழுந்து, "குடுக்கணும்னு தோணலையா, நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா" என்று கேட்டு, ரத்து உத்தரவில் பேனா கிழியக் கையெழுத்துப் போட்டு லைசென்ஸ் அட்டையை இரண்டாக மடக்கி ஒடித்தது எங்கள் காதில் விழுந்தது. கொஞ்சம் கழித்துக் குழந்தை அழும் சத்தமும், செண்பகம் வாய்விட்டுக் குலவையிடுவதும் கேட்டது. அந்தப் பிள்ளைக்குத்தான் அங்கே முதல்முதலாகப் பிறந்த இடத்திலேயே முத்தம் கிடைத்தது.

தனுஷ்கோடிக்குச் சட்டைப் பித்தான்கூடப் போடத் தெரியாமல் போயிற்று. லைசென்ஸ் போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பெண்டாட்டி, அண்ணன், வாரந்தோறும் வந்து "சரி" என்று திரும்பிப் போன அந்தப் பெண், இத்தனை நாளும் உறுத்தாத எல்லாமே ஒரே சமயத்தில் அவர் மேல் ஏறி விழுந்தது. பணப்பையைக் கட்டிக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுக, மழைக்குள் ஓடி வந்தார். அவர் கேட்டைத் தாண்டியபோது பிடிப்பதற்கு ஒருவரும் கை நீட்டவில்லை. முட்டி மடங்கி, மணலும் சேறுமாகக் கிடந்த இடத்தில் வெயிலாட்சியின் காலடியில் விழுந்தார்.

"அக்கா, பணம். எல்லாம் அப்படியே இருக்கு, ஒத்த ரூவா தொடல."

அவள் குனிந்து பையை வாங்கி, நனையாமல் வேலாண்டியின் துண்டுக்குள் வைத்துச் சுற்றிக் கொடுத்தாள். "வச்சிக்கிடுங்க" என்றாள் அவனிடம். பிறகு காலைப் பிடித்திருந்த தனுஷ்கோடியிடம், "எந்திரிங்க தம்பி, சளி பிடிக்கும்" என்றாள்.

அந்தச் சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "இப்படிச் சொல்லாதீயக்கா. ஏசுங்க. ஆத்தங்கரையில இருந்து ஏசிக்கிட்டே வருவீயளே, அப்படி ஏசுங்க. செருப்பால அடிங்க. ஏசிட்டீயன்னா நான் பெழச்சுக்கிடுவேன்."

அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் வேறெங்கோ பார்த்தோம். வேலாண்டி துண்டு மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இப்போதாவது வந்துவிடாதா என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு அந்த மனுஷன் மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை, கேட்கிறாரே, கொடுத்துவிடுவோம் என்கிற மரியாதைதான் இருந்தது.

"என்னன்னு ஏசணும் தம்பி? நீங்களே சொல்லுங்க, சொல்லுதேன்."

தனுஷ்கோடி முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்டியிட்டு நிமிர்ந்தார். "நாசமாப் போவன்னு சொல்லுங்க."

"நாசமாப் போவான்."

"போவான் இல்லக்கா. போவ. என்னயப் பாத்து."

"போவ" என்று திருத்திக்கொண்டாள். "நாசமாப் போவ."

"ஒன் கை வெளங்காதுன்னு சொல்லுங்க."

"ஒன் கை வெளங்காது."

"எங்க வயித்துல அடிச்சிட்டியே பாவி."

"எங்க வயித்துல அடிச்சிட்டியே பாவி."

அவர் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்துப் பிசகாமல் அவள் திருப்பிச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர்தான் அழுதார். கடைசியில் அவருக்கு வார்த்தை தீர்ந்துபோய், விக்கலுக்கு நடுவே, "நீ மனுசனான்னு கேளுங்கக்கா" என்றார்.

"நீ மனுசனா?" என்று வெயிலாட்சி கேட்டாள். கேட்டுவிட்டு, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.